காரைக்குடியில் பழைய ரெக்கார்டு வாங்குவோருக்கு: விலை கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைக்குள் நுழைந்தால் தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடிகளுக்கு நடுவில் எங்கோ ஒரு மூலையில் ரெக்கார்டுகள், அதாவது இசைத்தட்டுகள், அடுக்கி இருக்கும். விலை கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். "எதை எடுத்தாலும் ஒரே விலை" என்பார்கள். அல்லது கைப்பேசியில் ஏதோ ஒரு இணையதளத்தைத் திறந்து, "ஃபாரின்ல இது எட்டாயிரம் போகுது அண்ணே" என்பார்கள். இரண்டுமே அந்தத் தட்டின் விலை அல்ல. முதலாவதில் உங்களுக்கு லாபம் இருக்கலாம், இரண்டாவதில் பெரும்பாலும் நஷ்டம்தான். எது எப்போது என்று கண்டுகொள்ளும் வழி கீழே.

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். ரெக்கார்டுக்கு வயதை வைத்து விலை இல்லை. எந்த அச்சு (எப்போது, எங்கே அடித்தது), எந்த நிலை, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும்தான் விலை. எண்பது வயதான தட்டு நூறு ரூபாய்க்கும் பெறாமல் போகும். 1980களில் வந்த தட்டு ஆயிரங்களில் போகும்.

முதல் வேலை: எந்த வகைத் தட்டு?

கையில் எடுத்ததும் எடையைப் பாருங்கள். 10 அங்குல அளவில், கனமாக, வளைத்தால் வளையாமல், விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் அது 78 வேகத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று. அரக்குக் கலவையில் செய்தது. கீழே போட்டால் உடைந்துவிடும். பக்கத்துக்கு சுமார் மூன்று நிமிடம், அதாவது ஒரு பாட்டு. 7 அங்குலச் சின்னத் தட்டு 45 வேகம். சினிமாப் பாட்டு நான்கு இருந்தால் ஈ.பி. 12 அங்குலம், லேசாக வளையும் பிளாஸ்டிக், 33⅓ வேகம் என்றால் எல்.பி.

இதை ஏன் முதலில் பிரிக்க வேண்டும் என்றால் மூன்றுக்கும் சந்தை வேறு. எல்.பி.யை இன்று புது டர்ன்டேபிள் வாங்கும் இளைஞர்கள் தேடுகிறார்கள். ஈ.பி.க்கும் ஆள் உண்டு. 78க்கு ஆள் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த ஆட்கள் விஷயம் தெரிந்தவர்கள், அரிதான தட்டுக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள். மேல்நாடுகளில் 1960ஐ ஒட்டி 78 நின்றுபோனாலும் இந்தியாவில் அதற்குப் பிறகும் அடித்தார்கள். அதனால் 78 என்றாலே மிகப் பழையது என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1960களின் நடுவில்கூட பீட்டில்ஸ் பாட்டுகள் இந்தியாவில் பார்லஃபோன் முத்திரையில் 78 ஆகவும் வந்தன. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடும் தட்டுகள் அவை. மலேயாவிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த வீடுகளின் பெட்டிகளில் ஆங்கிலத் தட்டுகளும் கலந்திருக்கும். "இங்கிலீஷ் பாட்டு, போகாது" என்று ஒதுக்கி வைத்த அடுக்கையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ்தான் கையில் மாட்டுவார் பெரும்பாலும். அவர் எங்கும் கிடைப்பார், விலை இல்லை.

இரண்டாவது: லேபிளும் எண்ணும்

நடுவில் உள்ள காகித வட்டத்தில் நிறுவனத்தின் பெயரும் ஒரு பட்டியல் எண்ணும் இருக்கும். விலை தேடுவதற்கு இந்த எண்தான் சாவி. பாட்டின் பெயரையோ படத்தின் பெயரையோ போட்டுத் தேடினால் அதே பாட்டின் பத்து வெவ்வேறு அச்சுகள் வரும், விலையும் பத்து விதமாக இருக்கும். எச்.எம்.வி. எல்.பி.க்களில் 'ஈ.சி.எல்.பி.' என்று தொடங்கினால் மோனோ, 'ஈ.சி.எஸ்.டி.' என்றால் ஸ்டீரியோ. '7 ஈ.பி.இ.' என்றால் 45 வேக ஈ.பி. அடுத்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைப்பட்ட மொட்டை வளையத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். பொறித்த எழுத்தும் எண்ணும் தெரியும். அச்சுக்கு எடுத்த மூலத்தின் அடையாளம் அது. லேபிள் ஒன்று சொல்லி, பொறிப்பு வேறொன்று சொன்னால் தட்டு ஆலையிலேயே லேபிள் மாறி வந்திருக்கலாம். உறையும் தட்டும் மாறியிருப்பது அதைவிட சகஜம். கடையில் நல்ல அட்டைக்குள் வேறு தட்டைச் செருகி வைத்திருப்பார்கள், வேண்டுமென்றே அல்ல, யாரோ எப்போதோ மாற்றி வைத்தது. உறையைத் திறக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

78இல் 'ஹானோவரில் பதிப்பிக்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில வரி லேபிளில் இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்தது 1908இல். அதற்கு முன் இந்தியப் பதிவுகள் ஜெர்மனிக்குப் போய் அச்சாகி வந்தன. 1928க்குப் பிறகு அதே கல்கத்தாவின் டம் டம் ஆலை. பெரும்பாலும் உங்கள் கையில் வருவது டம் டம் தட்டுதான்.

இந்தப் பக்கம் ஒடியன் முத்திரை கண்ணில் பட்டால் வியப்பதற்கில்லை. காரைக்குடிக்காரரான ஏ.வி.மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ்தான் ஒடியன் தட்டுகளை விற்றது. நாடக செட்டுகள் கிடைத்தால் தனித் தட்டாக வாங்காதீர்கள். ஒரு நாடகத்தைப் பல தட்டுகளில் வரிசையாக வெளியிட்டார்கள். செட் முழுதாக இருந்தால் ஒரு விலை, நடுவில் ஒன்று குறைந்தால் பாதிகூட வராது.

புது மறு அச்சுகளும் இப்போது புழங்குகின்றன. அட்டையின் பின்புறம் பார்கோடு, '180 கிராம்' என்ற ஒட்டி இருந்தால் அது அண்மையில் அடித்தது. கேட்பதற்குக் குறை இல்லை. பழைய அச்சின் விலையைக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது: நிலை பார்ப்பது

இங்கேதான் பணம் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம். கடையின் குழல்விளக்கு போதாது. வாசலுக்கு எடுத்துப் போய் வெயில் ஓரத்தில், அல்லது கைப்பேசி விளக்கில், தட்டை விளிம்பில் பிடித்துச் சாய்த்து மெல்லச் சுற்றுங்கள். தூசி பார்வையை மறைக்கும். பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள்.

முடி போன்ற மெல்லிய கோடுகள் உறையில் உரசியதால் வருபவை. பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. நகத்தை மெல்ல வைத்து இழுத்தால் தட்டுப்படும் கீறல் வேறு. அது கேட்கும். எல்.பி. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கிறது. கீறல் இருந்தால் 1.8 விநாடிக்கு ஒரு 'டிக்'. பக்கத்துக்கு 20 நிமிடம் ஓடும் தட்டில் ஊசி சுமார் 667 சுற்று சுற்றி, எட்டரை சென்டிமீட்டர் உள்ளே வருகிறது. அப்படியென்றால் நடுவை நோக்கி ஓடும் ஒரு சென்டிமீட்டர் கீறல் இரண்டே கால் நிமிடத்துக்கு மேல் டிக் டிக் என்று அடிக்கும். பாதிப் பாட்டு போயிற்று. அதே நீளக் கீறல் பள்ளங்களை ஒட்டியே வட்டமாக ஓடினால் டிக் சத்தம் குறைவு. ஆனால் ஊசி ஒரே இடத்தில் சிக்கிச் சுற்றும் ஆபத்து அதிகம். கீறலின் திசையைப் பார்த்துத்தான் விலையைக் குறைக்க வேண்டும்.

கீறலே இல்லை, ஆனால் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது என்றால் அது இன்னும் மோசம். கனமான ஊசியால் ஓட்டி ஓட்டிப் பள்ளம் தேய்ந்திருக்கிறது. கழுவினாலும் போகாது, உரத்த இடங்களில் குரல் கரகரக்கும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஓடிய ரேடியோ செட் கடைத் தட்டுகள் இப்படித்தான் இருக்கும். லேபிளில் பெரிய எண் ஒட்டியிருக்கும், டர்ன்டேபிளின் நடுக்கம்பி துளையைத் தேடி உரசிய கோடுகள் நடுத்துளையைச் சுற்றி மண்டிக் கிடக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் அதைக் கேட்பதற்கான தட்டாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

செட்டிநாட்டு வீட்டுத் தட்டுகளுக்கு எதிர்க்குணம் ஒன்று உண்டு. பலவும் அதிகம் ஓடாதவை. பெட்டியறையில் பூட்டிக் கிடந்தவை. பள்ளம் புதிதுபோல் இருக்கும். ஆனால் பூஞ்சை வெண்புள்ளியாகப் படர்ந்திருக்கும், உறையைப் பூச்சி அரித்திருக்கும், மச்சில் ஓட்டுக்குக் கீழே கிடந்ததால் வெயிலில் வளைந்திருக்கும். பூஞ்சை பெரும்பாலும் கழுவினால் போகும். வளைவு போகாது. கண்ணாடிப் பலகையின் மேல் தட்டை வைத்து விளிம்பு எவ்வளவு தூக்குகிறது என்று பாருங்கள். விளிம்பு ஓரத்தில் லேசான ஏற்ற இறக்கம் என்றால் ஊசி சமாளிக்கும். ஒரே இடத்தில் திடீரென்று மேடு என்றால் விட்டுவிடுங்கள். லேபிளிலும் அட்டையிலும் பாத்திரத்தில் வெட்டுவதுபோல் வீட்டு விலாசம் மையால் எழுதியிருக்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் சந்தையில் அது குறை. அட்டையின் மதிப்பில் ஒரு படி இறங்கும்.

கடைக்காரர் "போட்டுக் காட்டுறேன்" என்று குழல் வைத்த கிராமபோனில் ஏற்றப் போனால் தடுத்துவிடுங்கள். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். கடையில் ஒரே துருப்பிடித்த ஊசி மாதக்கணக்கில் கிடக்கும். 78 ஒரே ஓட்டத்தில் தேயும், எல்.பி.யை ஏற்றினால் அதோடு முடிந்தது. மறுபக்கம், எல்.பி. ஊசியால் 78ஐ ஓட்டுவதும் தவறு. 78இன் பள்ளம் மிக அகலம். சின்ன ஊசி அடியில் போய் அழுக்கைத்தான் வாசிக்கும். அந்தக் குழல் கிராமபோனே பெரும்பாலும் பழைய உதிரிகளும் புதுப் பித்தளைக் குழலும் சேர்த்துக் கட்டியதாக இருக்கும். அதோடு 'இலவசம்' என்று தரும் தட்டுகள் அலங்காரத்துக்கானவை.

நிலைக்குப் பரவலாகப் புழங்கும் தரவரிசை ஒன்று உண்டு. தட்டுக்கும் உறைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். நியர் மின்ட் என்றால் ஏறக்குறைய புதிது, குறை கண்ணில் படாது. அதன் விலையை நூறு என்று வைத்துக்கொண்டால், சில மெல்லிய கோடுகளோடு நன்றாக ஒலிக்கும் வி.ஜி. பிளஸ் (வெரி குட் பிளஸ்) ஐம்பது, அமைதியான இடங்களில் சத்தம் கேட்கும் வி.ஜி. இருபத்தைந்து, முழுக்கச் சத்தத்தோடு ஆனால் சிக்காமல் ஓடும் ஜி. பத்து முதல் பதினைந்து. அதற்குக் கீழே ஐந்துக்கும் குறைவு. ஜி. என்றால் நல்லது என்று பொருள் என நினைத்து வாங்கிக் கைசுட்டுக்கொள்பவர்கள் நிறைய. இந்த வியாபாரத்தில் அந்த எழுத்துக்குப் பெயர்தான் நல்லது. சந்தேகம் வந்தால் ஒரு படி கீழேயே போடுங்கள்.

நான்காவது: விற்ற விலையைத் தேடுவது

கடைக்காரர் கைப்பேசியில் காட்டும் எட்டாயிரம் யாரோ கேட்கும் விலை. யாரும் வாங்காமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். நமக்கு வேண்டியது விற்ற விலை. ரெக்கார்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, பட்டியல் எண்ணைப் போட்டுச் சரியான அச்சைப் பிடியுங்கள். அங்கே கடைசியாக விற்ற நாள், குறைந்த விலை, நடு விலை, அதிக விலை எல்லாம் இருக்கும். விற்பனை வரலாற்றைத் திறந்தால் ஒவ்வொரு விற்பனையிலும் தட்டும் உறையும் எந்த நிலையில் இருந்தன என்பதும் தெரியும். நடு விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; அது எல்லா நிலைகளையும் கலந்த எண். உங்கள் தட்டின் நிலையில் விற்றவற்றை மட்டும் பொறுக்குங்கள். ஈபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டி இருக்கிறது, அதைப் போடுங்கள்.

தமிழ்த் தட்டுகளில் ஒரு சிக்கல்: பலவற்றுக்கு அந்தத் தளத்தில் பதிவே இருக்காது, அல்லது மொத்தமே ஒரு விற்பனைதான் இருக்கும். ஒரு விற்பனையை வைத்து விலை சொல்ல முடியாது. இரண்டு பேர் போட்டியில் ஏற்றிவிட்டிருக்கலாம். அப்போது ஃபேஸ்புக்கில் இயங்கும் இந்திய ரெக்கார்டு குழுக்களில் அதே இசையமைப்பாளர், அதே காலம், அதே முத்திரைத் தட்டுகள் எதற்கு முடிந்தன என்று பின்னோக்கிப் பாருங்கள். 'முடிந்தது' என்று போட்டவை மட்டும் கணக்கு.

பொதுவாக எது போகும் என்று கேட்டால்: 1970களின் இறுதி, 80களின் இளையராஜா எல்.பி.க்கள், அதிலும் ஸ்டீரியோ, அதிலும் அட்டை கெடாதவை. இவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு. பக்தித் தட்டுகள் போகாது. 1963இல் எம்.எஸ். பாடி வந்த சுப்ரபாத எல்.பி. இல்லாத வீடு குறைவு, அத்தனை அடித்தார்கள். நல்ல இசை, மலிவான தட்டு. கேட்பதற்கு வாங்குபவருக்கு அதைவிட நல்ல பேரம் கிடைக்காது.

ஐந்தாவது: கடையில் எவ்வளவு கொடுக்கலாம்

ஒரு கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். நீங்கள் பிடித்த எல்.பி. நியர் மின்ட் நிலையில் 3,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறது. உங்கள் தட்டு வி.ஜி. பிளஸ், ஆகவே 1,500. அட்டையின் மேல் ஒட்டு பிரிந்திருக்கிறது, விலாசம் எழுதியிருக்கிறது. 200 கழித்தால் 1,300. கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் இதுவே உச்சவரம்பு.

விற்பதற்கு என்றால் கணக்கு நீளும். டிஸ்காக்ஸ் தட்டின் விலையோடு அஞ்சல் செலவையும் சேர்த்து 9 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். அஞ்சல் 150 என்றால் 1,450க்கு 130 ரூபாய். பணம் கைமாறும் செலவுக்கு 70, அட்டைப்பெட்டி, டேப்புக்கு 60. மிச்சம் 1,040. நீங்கள் போட்ட தரம் வாங்குபவருக்கு ஒப்பாமல் திரும்பி வரும் தட்டும் உண்டு, மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் தட்டும் உண்டு. ஆகவே 500க்கு மேல் கொடுத்தால் சம்பளமில்லாத வேலை.

கடைக்காரரிடம் இந்தக் கணக்கை ஒப்பிக்க வேண்டாம். குறையைக் காட்டுங்கள். "அண்ணே, இந்தப் பக்கம் நகத்துல தட்டுது பாருங்க, ஐந்நூறுன்னா எடுத்துக்கறேன்" என்றால் பேச்சு நகரும். இந்தக் கடைகள் வீடு பிரிக்கும்போது கதவு, நிலை, தூணோடு ரெக்கார்டையும் மொத்தமாக எடுப்பவை. ஒரு தட்டுக்கு அடக்க விலை என்று அவர்களிடமே எதுவும் இருக்காது. அதனால் ஒரு தட்டைப் பேசுவதைவிட ஒரு அடுக்கைப் பேசுவது எளிது. நீங்கள் குறி வைத்த நான்கை இருபதோடு சேர்த்துக் கேளுங்கள். ஆனால் அந்த நான்கின் மதிப்பை வைத்து மட்டும் தொகையை முடிவு செய்யுங்கள், மற்ற பதினாறுக்குப் பூஜ்யம் போடுங்கள். கானாடுகாத்தான் பக்கம் பங்களா ஓட்டல்களுக்கு வெளிநாட்டுப் பயணிகள் வரும் மார்கழி, தை மாதங்களில் பேரம் படியாது. சித்திரை வெயிலில் போங்கள்.

நேரே வீட்டில் வாங்குவதாக இருந்தால் விலைக்கு முன் வேறொரு கேள்வி உண்டு. "ஆச்சி, இந்தப் பெட்டி யாரு பங்குல இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டாங்கட்டு அறையில் கிடப்பது பொதுவில் இருக்கும். மற்றப் பங்காளிகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அவர்களுக்கும் படம் அனுப்பி, சம்மதம் வாங்கி, தட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு எடுங்கள். விலை தெரியாத வீட்டில் விற்ற விலையை நீங்களே காட்டிவிடுவது முறை. அடுத்த வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுபவர்களும் அவர்கள்தான்.

லண்டனில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி வாங்கச் சொல்பவர்களுக்கு: அங்கே ஆக்ஸ்ஃபாம் போன்ற தொண்டுக் கடைகளில், மக்கள் இலவசமாகக் கொடுத்த தட்டுகளைத் தன்னார்வலர்கள் விலை போட்டு விற்கிறார்கள். விலையுள்ளவற்றைப் பலர் முன்பே பொறுக்கி இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். பெட்டியில் மிஞ்சுவது மலிவு. ஆனால் இந்தியத் தட்டின் எண்ணை அங்கே எல்லோருக்கும் படிக்கத் தெரியாது. கிழக்கு லண்டனில் தமிழர்கள் இருக்கும் பகுதிக் கடைகளில் 'உலக இசை' என்று எழுதிய பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பேரம் பேசுவது வழக்கமில்லை.

வாங்கிய பிறகு

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் பள்ளத்தில் வெள்ளை படியும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர் ஒரு லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் வட்டத்திலேயே துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொருமுறை துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். லேபிள் நனையக் கூடாது. எல்.பி.க்கும் ஈ.பி.க்கும் சிலர் சாராய வகைத் திரவம் கொஞ்சம் கலப்பார்கள். 78க்கு அது கூடவே கூடாது, அரக்கைக் கரைத்துவிடும். பூஞ்சை பிடித்த பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது உறை போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் திரும்ப வரும். படுக்க வைத்து அடுக்காமல் நூல்போல் நிறுத்தி வையுங்கள்.

அனுப்பும்போது எல்.பி.யை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டையின் பின்னால் வைக்க வேண்டும். உள்ளேயே விட்டால் பெட்டி விழும் அதிர்ச்சியில் தட்டே அட்டையின் ஒட்டிய விளிம்பைக் கிழித்துவிடும். இருபுறமும் 33 சென்டிமீட்டர் சதுரக் கெட்டி அட்டை. 78 என்றால் தட்டைவிட அரை அங்குலம் பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து ஒட்டி, குமிழ்த்தாள் சுற்றி, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். இடைவெளியைக் கசக்கிய தாளால் இறுக்க நிரப்புங்கள். ஒரு பெட்டியில் பத்துக்கு மேல் வேண்டாம்; தட்டுக்கு 200 கிராம் வீதம் எடை ஏறினால் கூரியர்காரர் தூக்கி வைக்காமல் போட்டுவிடுவார். பங்குனி முதல் ஆனி வரை காருக்குள் பத்து நிமிடம்கூட எல்.பி.யை விடாதீர்கள். வாங்கியவரிடம் வாரத் தொடக்கத்தில் அனுப்புவதாகச் சொல்லுங்கள். சனிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்கத் தகரக் கூரைக் கிட்டங்கியில் வெந்து, வளைந்துதான் போய்ச் சேரும்.